பிளாஸ்திரி வாடை

நடுவர் மேசையில் கொர்னெல் எதை விட்டுக்கொடுத்தாலும் ஒரு சட்டத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டான். எல்லோரும் எழுதி முடித்துப் பென்சிலைக் கீழே வைக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. முகரலாம், குடிக்கலாம், கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கலாம். பேசக் கூடாது. ஒருவன் 'வாழைப்பழம்' என்று சொல்லிவிட்டால் போதும், மேசையைச் சுற்றியிருக்கும் மற்ற மூக்குகளெல்லாம் வாழைப்பழத்தைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடும். தேடினால் கிடைத்தும்விடும். அதற்குப் பிறகு அந்த பீரில் வாழைப்பழம் இல்லை என்று சொல்ல யாராலும் முடியாது, சொன்னவனாலும்கூட.

அன்று காலையிலும் அதற்காக ஒருவனை வெட்கப்பட வைத்திருந்தான். வரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஃபெலிக்ஸ் முதல் முறையாக நடுவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கோதுமை பீரை முகர்ந்ததும் "அட, கிராம்பு" என்று அவனையறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

"பான் ஃபெலிக்ஸ்," என்றான் கொர்னெல், "உங்க ஆபீஸ்ல கணக்கு முடியறதுக்கு முன்னாடியே தொகையக் கத்திச் சொல்லுவீங்களோ?"

"தெரியாம வந்துருச்சு."

"வாய் குடிக்கறதுக்கு. சொல்றதுக்குப் பென்சில் குடுத்திருக்காங்க."

மூன்றாவது நடுவரான மெலானியா பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சிரித்தார். "விடுங்க கொர்னெல். நீங்க முதல் தடவை வந்தப்போ கோப்பையவே உடைச்சீங்க. நாங்க யாராச்சும் ஒரு வார்த்தை சொன்னோமா?"

"உடைச்சேன். ஆனா சத்தமில்லாம உடைச்சேன்."

ஊர்த் தீயணைப்புப் படையின் மண்டபத்தில்தான் ஒவ்வொரு நவம்பரும் வீட்டு பீர் காய்ச்சுபவர்களின் போட்டி நடக்கும். அன்றைக்கு மட்டும் தீயணைப்பு வண்டி வெளியே மழையில் நிற்கும். மொத்தத்தில் முதலிடம் வரும் பீரை நகரத்து ஆலை அடுத்த கோடையில் ஐயாயிரம் பாட்டில் காய்ச்சி விற்கும். காய்ச்சியவரின் பெயர் ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் அச்சாகும். கோப்பையோ பதக்கமோ யாருக்கும் பெரிதில்லை. எல்லோருக்கும் அந்தக் கழுத்துச் சீட்டின் மேல்தான் கண். கொர்னெலுக்கும் அதன் மேல் கண் இருந்தது. இரண்டு வருடமாக அவனிடம் அனுப்புவதற்கு ஒரு நல்ல பீர் இல்லை. அதனால்தான் நடுவராக வந்து உட்கார்ந்திருந்தான். அது அவனுக்கு மட்டும் தெரிந்த காரணம்.

மற்றவர்கள் அவனை அழைத்ததற்குக் காரணம் அவன் மூக்கு. கொர்னெல் எரிவாயு நிறுவனத்தில் கசிவு சோதிக்கிறவன். வீடு வீடாகப் போய்ச் சமையலறையில் நின்று மூச்சை இழுத்துவிட்டு "இங்கே இல்லை, குளியலறைக் குழாயில்" என்று சொல்வான். கருவி பிறகு வந்து ஆமாம் போடும்.

முப்பத்தொன்றாம் எண் பீர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. பழ பீர் வரிசையில் அதுவரை பதினொன்றைப் பார்த்தாகிவிட்டது. சர்பத் போல இனித்த ராஸ்பெரி ஒன்று, புகை போட்ட பிளம் ஒன்று, திறந்ததும் கூரைவரை பீய்ச்சியடித்து மெலானியாவின் கம்பளிச் சட்டையை நனைத்த ஆப்ரிகாட் ஒன்று. நாக்கைக் கழுவ உப்பில்லாத ரொட்டித் துண்டை மென்று தண்ணீர் குடித்துவிட்டு, கொர்னெல் புதிய கோப்பையை மூக்கருகே கொண்டுபோனான்.

கை அங்கேயே நின்றுவிட்டது.

முதலில் புளிப்புச் செர்ரி வந்தது. ஜாம் பாட்டிலில் அடைத்த செர்ரி இல்லை, மழை நனைத்த தோலோடு கிளையிலேயே கடித்த செர்ரி. அதற்குப் பின்னால் மால்ட், முளைகட்டி உலர்த்திய பார்லியின் வாசனை, ரொட்டியின் மேலோடு போல. இரண்டும் விலகிய பிறகு, ரொம்பப் பின்னால், பக்கத்து அறையில் யாரோ கேக் பெட்டியைத் திறந்தது போல ஒரு மெல்லிய கசந்த பாதாம் வாசனை. வறுத்த செர்ரிக் கொட்டையின் வாசனை அது. செர்ரிக் கொட்டையை அடுப்பில் வறுத்து, துணியில் முடிந்து சுத்தியலால் உடைத்து, ஐந்தே நாள் பீரில் ஊறவைத்து எடுக்கிறவர்கள் அவனுக்குத் தெரிந்து இரண்டு பேர். ஒருவன் இங்கே உட்கார்ந்திருந்தான்.

இன்னொருத்தி தேக்லா.

ஒன்பதாம் எண் அடுக்குமாடியின் நிலவறையில் பொதுச் சலவை அறை ஒன்று உண்டு. எல்லார் வீட்டிலும் துணி துவைக்கும் இயந்திரம் வந்த பிறகு அது சும்மா கிடந்தது. குடியிருப்போர் சங்கத்திடம் சாவி வாங்கி கொர்னெல் அங்கே பீர் காய்ச்ச ஆரம்பித்தான். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே மூன்றாம் மாடித் தேக்லா படியிறங்கி வந்து கதவில் சாய்ந்து நின்றாள். "பான் கொர்னெல், மூணாவது மாடி வரைக்கும் ரொட்டி வேகற வாசனை. என் வீட்டுக்காரர் மார்செல் ரெண்டாவது தடவை காலைச் சாப்பாடு கேக்கறாரு. செலவ நீங்கதான் ஏத்துக்கணும்." பேசிவிட்டுப் போகவில்லை. அன்று முழுக்க இருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் நாற்பது லிட்டர் அண்டாவோடு வந்தாள்.

தேக்லா மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். அவளிடம் ஒரு கிராமைப் பத்தாகப் பிரித்துக் காட்டும் தராசு இருந்தது, ஒரு கட்டம்போட்ட நோட்டு இருந்தது. அவனிடம் மூக்கு இருந்தது. செர்ரி பீர் என்ற எண்ணம் யாருடையது என்று இருவருக்குமே நினைவில்லை. முதல் முயற்சி ஜாம். நான்காவது பல் கூசும் புளிப்பு. ஆறாவதில் பழத்தைக் கொதிக்கும் அண்டாவிலேயே போட்டு, பீர் சோப்புத் தண்ணீர் போலக் கலங்கிப்போய்விட்டது. நொதித்து அடங்கிய பிறகு வேறு பாத்திரத்தில் மாற்றிப் பழத்தைச் சேர்க்க வேண்டும் என்று ஒன்பதாவதில்தான் புரிந்தது. அன்றைக்குக் கோப்பையில் நிறம் மாணிக்கம் போல நின்றது. இருவரும் முழங்கைகளைக் கோத்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்து, கன்னத்தில் முத்தமிட்டு, அன்றிலிருந்து 'பான்', 'பானி' என்ற மரியாதை அடைமொழி, 'நீங்கள்' எல்லாம் விட்டு 'நீ' என்றார்கள். அப்படிக் குடித்துவிட்டு மாறினால் அது மாறியதுதான். பாதியில் யாரும் திரும்பப் போவதில்லை.

"நிறம் இருக்கு, பழம் இருக்கு," என்றான் அவன். "ஆனா உள்ள காலி. செர்ரி தெரியுது, மரம் தெரியல."

"மரத்தையும் வெட்டிப் போடணுமா?"

"கொட்டை போடலாம்."

"கொட்டைக்குள்ள சயனைடு இருக்கு, கொர்னெல். நான் மருந்துக் கடைல வேலை பாக்கறேன். வேலைய விட்டுட்டு ஜெயிலுக்குப் போற எண்ணம் இல்ல."

பிறகு அவளே புத்தகங்களைப் புரட்டினாள். எவ்வளவு நேரம் வறுக்க வேண்டும், எவ்வளவு போட்டால் ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டாள். அவன் கைப்பிடியாக அள்ளிப் போடப் பார்ப்பான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தித் தராசில் கொட்டுவாள். இருபது லிட்டருக்கு நாற்பது கிராம். ஐந்து நாள். ஆறாவது நாள் கசப்பு நாக்கைக் கவ்வும்.

பதினேழாவது முயற்சி கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஊற்றிய வேகத்தில் நுரை செத்துவிடும், குடித்த பிறகு ருசியின் வால் மட்டும் மெலிந்துபோகும், அவ்வளவுதான் குறை. அந்த பாட்டில்களை பீர் காய்ச்சுபவர்கள் சங்கத்து மாதக் கூட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். எல்லோரும் சுற்றி நின்று குடித்தார்கள். யாரோ, இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், யாருடைய கைவேலை என்று கேட்டார்கள். கொர்னெல் கையில் கோப்பையோடு, முகமெல்லாம் சிவக்க, சொன்னான்.

"நான் காய்ச்சறேன். தேக்லா எடை போடறா."

கூட்டம் சிரித்தது. தேக்லாவும் சிரித்தாள். மறுநாள் காலை சலவை அறையிலிருந்து தன் அண்டாவைத் தானே தூக்கிக்கொண்டு படியேறினாள். அவன் படியில் நின்றுகொண்டிருந்தான். ஒரு கை கொடுத்திருக்கலாம். அவள் ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தான். சொன்னாள்.

"வழி விடுங்க, பான் கொர்னெல்."

அதன் பிறகு அவன் புதிய நோட்டு வாங்கி, ஒன்று என்று எண் போட்டுத் தனியாகத் தொடங்கினான். எட்டுவரை வந்துவிட்டான். ஒன்றும் தேறவில்லை. கொட்டை ஒரு முறை அதிகமாகும், ஒரு முறை தெரியவே தெரியாது. நுரை எல்லா முறையும் செத்தது.

இப்போது அவன் கையிலிருந்த கோப்பையில் நுரை ஒரு விரல் உயரத்துக்கு நின்றது. அசையவில்லை. ஒரு வாய் குடித்தான். ருசியின் வால் மெலியவில்லை. பாலாடை போல நாக்கில் ஒரு வழவழப்பு, அதன் மேல் செர்ரியும் கொட்டையும் சாவகாசமாகப் போய்ச் சேர்ந்தன. என்ன சேர்த்திருக்கிறாள் என்று அவனுக்கு உடனே தெரிந்தது. ஓட்ஸ். காலையில் பாலில் போட்டுத் தின்கிற ஓட்ஸ். அதை ஒரு கை மால்ட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஐந்து வருடம் அவள் பக்கத்தில் நின்று கிளறியபோதும் அவனுக்குத் தோன்றவில்லை, பிரிந்த பின்னும் தோன்றவில்லை.

முன்னாலிருந்த தாளில் எண் மட்டும்தான் இருந்தது. பெயர் கிடையாது. ஆனால் தெரிந்தவரின் பீர் என்று நடுவருக்கு உறுதியாகத் தெரிந்தால் எழுந்து போய்விட வேண்டும், வேறொருவர் வந்து உட்காருவார். அதற்கு 'இது எனக்குத் தெரிந்த பீர்' என்று சொன்னால் போதும். கொர்னெல் அந்த வார்த்தைகளை வாய்க்குள் உருட்டிப் பார்த்தான். சொன்னால் என்ன நடக்கும் என்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. இந்த பீர் இந்த வரிசையில் முதலில் வரும். இறுதிச் சுற்றிலும் முதலில் வரும். அடுத்த கோடையில் ரயில் நிலையக் கடையில், பெட்ரோல் பங்கில், அவன் கசிவு சோதிக்கப் போகும் வீடுகளின் குளிர்பெட்டியில், ஐயாயிரம் கழுத்துகளில் தேக்லாவின் பெயர். கொட்டை அவனுடையது. அது எங்கேயும் அச்சாகாது.

குறைத்து மதிப்பெண் போட்டுவிட்டு உட்காரலாம் என்று நினைத்தான். அது போதாது. மூன்று பேருடையதைக் கூட்டிச் சராசரி எடுப்பார்கள். மெலானியாவின் பென்சில் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. ஃபெலிக்ஸ் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது வாய் குடித்தான், முதல் வாயே போதும் என்ற இடத்தில்.

கொர்னெல் பென்சிலைக் கீழே வைத்தான். தாளில் ஒன்றும் எழுதவில்லை. தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, தணிந்த குரலில், அக்கறையாகக் கேட்டான்.

"யாராச்சும் விரல்ல பிளாஸ்திரி ஒட்டியிருக்கீங்களா?"

ஏன் அந்த வார்த்தை வந்தது என்று அவனுக்கே தெரியாது. வெள்ளைக் கோட்டில், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே நிற்கும் அவளைத்தான் அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஃபெலிக்ஸ் தன் கைகளைப் பார்த்தான். மெலானியாவும் பார்த்தார். யார் விரலிலும் ஒன்றும் இல்லை. அப்புறம் இரண்டு பேருடைய பார்வையும் மெதுவாக, சொல்லிவைத்தது போல, கோப்பைக்குத் திரும்பியது.

ஃபெலிக்ஸ்தான் முதலில் முகர்ந்தான். மூக்கைச் சுருக்கினான். "ஆமா," என்றான். "நான் முதல்ல கவனிக்கல. ஆஸ்பத்திரி மாதிரி."

"நான் பீரைச் சொல்லலியே," என்றான் கொர்னெல்.

"இல்ல, இதுலதான். இப்போ நல்லாவே தெரியுது."

மெலானியா கோப்பையைச் சுழற்றினார். "எனக்குப் பாதாம்னு பட்டுச்சு."

"பாதாமும் இருக்கு. அதுக்குக் கீழ பாருங்க."

மெலானியா வெகுநேரம் முகர்ந்தார். அறுபத்தெட்டு வயது மூக்கு அது. சமீபமாக அவருக்கே அதன் மேல் சந்தேகம் இருந்தது. கொர்னெலிடம்தான் ஒருமுறை அதைச் சொல்லி வருத்தப்பட்டிருந்தார். "இருக்கற மாதிரிதான் தோணுது," என்றார். பிறகு ரப்பரை எடுத்தார். ஐம்பதுக்கு நாற்பத்திரண்டு என்று எழுதியிருந்ததை அழித்து இருபத்தேழு ஆக்கினார். தாளின் மேல் அந்த ரப்பர் போய் வந்த ஒலி கொர்னெலின் பல்லைக் கூச வைத்தது. காலையில் ஃபெலிக்ஸுக்குச் சொன்ன சட்டத்தை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவனுக்கு யார் சொல்வது?

தன் தாளை அவன் அழகான எழுத்தில் நிரப்பினான். 'பிளாஸ்திரி வாடை. தண்ணீரில் குளோரின் இருக்கலாம், அல்லது வெளி ஈஸ்ட் புகுந்திருக்கலாம். குழாய்கள், பாத்திரங்களை மாற்றிப் பார்க்கவும்.' கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். தாள்கள் காய்ச்சியவருக்குத் தபாலில் போகும். பெயரில்லாத தாள் செல்லாது.

அந்த வருடம் புகை போட்ட பிளம் பழ வரிசையில் ஜெயித்தது. மொத்தத்தில் யாரோ ஒரு பல் மருத்துவரின் கறுப்பு பீர் முதலில் வந்தது. அது பரவாயில்லாத பீர்தான், ஆனால் யாருக்கும் ஞாபகத்தில் நிற்காது.

மூன்று வாரம் போயிற்று. அந்த மூன்று வாரத்தில் கொர்னெல் வேலையில் ஒரு முறை, ஒரு வீட்டுச் சமையலறையில், மூச்சை இழுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றான். எரிவாயுவா வேறு ஏதாவதா என்று பிடிபடவில்லை. கருவியை எடுத்து இரண்டு முறை சோதித்தான்.

"போன தடவை மூக்காலயே சொன்னீங்களே," என்றாள் அந்த வீட்டுக்காரி.

"சளி," என்றான்.

சளி இல்லை. சங்கத்து நண்பன் கொடுத்த பீரில் பிளாஸ்திரி இருந்தது. கடையில் வாங்கிய பீரில் இருந்தது. ஒரு நாள் காலை காப்பியில்கூட இருந்தது போலிருந்தது. குளிரடித்தால் சரியாகிவிடும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான்.

டிசம்பரின் முதல் ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவில் மணி அடித்து ஓய்ந்த நேரம், அவன் சலவை அறையில் ஒன்பதாவது முயற்சிக்கு அண்டா ஏற்றியிருந்தான். மால்ட் ஊறிக்கொண்டிருந்தது. கதவு திறந்தது. தேக்லா நின்றாள். வீட்டில் உடுத்தும் கம்பளி மேலாடை, ஒரு கையில் மடித்த தாள்கள், இன்னொரு கையில் ஒரு பாட்டில்.

"உள்ள வரலாமா, பான் கொர்னெல்?"

"பொது அறைதானே."

அவள் வந்து பழைய துணி உலர்த்தும் இயந்திரத்தின் மேல் பாட்டிலை வைத்தாள். தாள்களைப் பிரித்தாள். அவன் கையெழுத்து மேலே இருந்தது.

"முப்பத்தொண்ணு என்னோடது," என்றாள்.

அவன் அகப்பையை விடாமல் கிளறினான். "அப்படியா."

"உங்களுக்கு எப்படித் தெரியும், நம்பர்தானே இருந்திருக்கும். மார்செல் ரெண்டு வாரமாக் கத்தறாரு. வேணும்னே எழுதிட்டான், கொட்டை வாசனைய வச்சே கண்டுபிடிச்சிருப்பான்னு. நான் சொன்னேன், பிளாஸ்திரி வாடை அந்த அளவுக்கு இருந்தா கொட்டை எங்கேர்ந்து தெரியும்? கொர்னெல் பல விதத்துல மோசமான ஆளுதான். தாள்ல பொய் எழுத மாட்டான். அப்படின்னேன்."

அண்டாவிலிருந்து ஆவி எழுந்து இருவருக்கும் நடுவே நின்றது.

"எனக்குத் தெரியல," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "பன்னெண்டு பாட்டில் திறந்து பாத்தேன். எனக்கு அந்த வாடை தெரியவே இல்ல. அப்பறம்தான் உறைச்சுது. நாள் முழுக்க பிளாஸ்திரிக்கும் அயோடினுக்கும் நடுவுல நிக்கறவளுக்கு எப்படித் தெரியும்? என் மூக்கு அதுக்குச் செத்துப்போயிருக்கும். மீன்காரிக்கு மீன் வாடை தெரியுமா? அதனால உங்க தாளைப் பாத்துக் குழாயெல்லாம் மாத்திட்டேன். பிளாஸ்டிக் பாத்திரத்தத் தூக்கிப் போட்டுட்டேன். மீதி பாட்டிலக் கொட்டிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"இருபத்தேழு பாட்டில். கழிவறைல கொட்டினேன், குளியல் தொட்டி சிவந்துடும்னு. ஒண்ணு மட்டும் வச்சிருந்தேன்."

பாட்டிலை அவன் பக்கம் தள்ளினாள். மூடியில் நீல மையில் இருபத்து மூன்று என்று எழுதியிருந்தது. கொர்னெல் அந்த எண்ணைப் பார்த்தான். அவனுடையது போல ஆறு, எட்டு என்று இல்லை. அவள் ஒன்றிலிருந்து தொடங்கவில்லை. பதினேழுக்கு அடுத்து பதினெட்டு என்று எழுதியிருக்கிறாள்.

"இதக் குடிச்சுப் பாத்து, எங்கேர்ந்து வருதுன்னு சொல்லு," என்றாள். நீங்கள் எங்கோ விழுந்துபோயிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. "தண்ணியிலேர்ந்தா, பழத்தோட தோல்லேர்ந்தா, கொட்டைலேர்ந்தா. உன்னால முடியும். அது மட்டும் தெரிஞ்சா அடுத்ததச் சரிபண்ணிடுவேன். பானி மெலானியாவும் அதேதான் எழுதியிருக்காங்க. முதல்ல நாப்பத்திரண்டு போட்டு அழிச்சிருக்காங்க, வெளிச்சத்துல பிடிச்சா தெரியுது. அதுதான் புரியல."

"சில பேருக்கு ரெண்டாவது தடவ குடிக்கும்போதுதான் பிடிபடும்."

"இருக்கும்."

அவள் மூடியை நெம்பினாள். அலமாரியிலிருந்து கோப்பையை, எங்கே இருக்கும் என்று கேட்காமலே, எடுத்து ஊற்றினாள். நுரை ஒரு விரல் உயரம் எழுந்து நின்றது.

கொர்னெல் கோப்பையை வாங்கிக்கொண்டான். இதோ, இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தான். ஒன்றுமில்லை தேக்லா, இதில் ஒரு வாடையும் இல்லை, நான் சொன்னது பொய். அவள் அடிக்கலாம், காறித் துப்பலாம், மார்செலைக் கூப்பிடலாம். ஆனாலும் பாட்டிலில் பாதி மீதியிருக்கும். நோட்டு இருக்கும். அடுத்த ஜூலையில் செர்ரி பழுக்கும். சொல்லத்தான் போனான். சொல்வதற்கு முன் ஒரு முறை, தைரியத்துக்காக, மூச்சை இழுத்தான்.

பிளாஸ்திரி.

செர்ரியின் மேல், கொட்டையின் மேல், எல்லாவற்றின் மேலும் பழைய காயத்திலிருந்து உரித்து எடுத்த பிளாஸ்திரியின் வாடை. மறுபடி முகர்ந்தான். இருந்தது. நவம்பரில் இருந்ததா, தான் சொன்னதால் வந்ததா, இப்போது அவன் மூக்கில் இருக்கிறதா பீரில் இருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. இல்லை என்று சொன்னால் அது பொய்யா, இருக்கிறது என்று சொன்னால் அது பொய்யா என்றும் தெரியவில்லை. இத்தனை வருடம் ஒரு மூக்கை நம்பி நின்றவனுக்குக் காலடியில் தரை இல்லாமல் போயிற்று.

தேக்லா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இருக்கா?"

"இருக்கு," என்றான்.

அவள் தலையசைத்தாள். அவன் கையிலிருந்து கோப்பையை வாங்கித் தொட்டியில் கவிழ்த்தாள். பாட்டிலையும் தலைகீழாகப் பிடித்தாள். சிவப்பு, வெள்ளைப் பீங்கானில் சுழன்று ஓட்டைக்குள் போயிற்று. சலவை அறை முழுக்க ஜூலை மாத வாசனை நிறைந்தது. அதை அவளால் முகர முடிந்ததோ என்னவோ, ஒரு கணம் கண்ணை மூடினாள். குழாயைத் திறந்து தொட்டியைக் கழுவினாள். கழுவிய கையைத் துடைக்க அலமாரிப் பக்கம் துணியைத் தேடினாள்.

துணிக்குப் பக்கத்தில் ஓட்ஸ் பொட்டலம் இருந்தது. பாதி காலியாக, வாயைக் கிளிப் போட்டு மூடி.

தேக்லா துணியை எடுக்கவில்லை. பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு அண்டாவைப் பார்த்தாள். மேலே மிதந்த வெளிறிய செதில்களைப் பார்த்தாள். ஈரக் கை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் சொட்டியது.

"எப்போலேர்ந்து போடறீங்க?" என்று கேட்டாள்.

"இப்போதான். இதுலதான் முதல் தடவ."

"நுரைக்காகவா?"

"ஆமா."

அவள் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, விளிம்பு ஒத்துப்போகும்படி அடுக்கி, இரண்டாக மடித்தாள். மருந்துச் சீட்டை மடிப்பது போல அவசரமில்லாமல் மடித்தாள். காலி பாட்டிலை மட்டும் இயந்திரத்தின் மேலேயே விட்டுவிட்டுக் கதவுவரை போனாள்.

"நிக்கும்," என்றாள், திரும்பாமல். "நுரை நல்லா நிக்கும், பான் கொர்னெல்."

அவள் படியேறும் ஓசை மூன்றாவது மாடிவரை கேட்டது. கதவு சாத்தவில்லை போலும், மார்செலின் குரல் ஏதோ விசாரித்தது, அவள் சொன்னது காதில் விழவில்லை. கொர்னெல் அகப்பையை எடுத்தான். ஓட்ஸ் அடியில் பிடிக்கத் தொடங்கியிருந்தது, விடாமல் கிளற வேண்டும். ஆவி முகத்தில் அடித்தது. அவன் மூச்சை இழுக்காமல் கிளறிக்கொண்டு நின்றான், எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம்.